சித்தேரித் தண்ணீர்

தோழியோடு காட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வரட்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் முதலில் உண்மையாகத்தான் கேட்டேன். கடத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் மனிதர். அப்போதுதான் கடையடைத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொம்பளைங்க காட்டுல டெண்ட் போட்டு என்னத்தப் பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மல்லுக்கு நின்றிருப்பேன். சிரிக்கிற ஆளிடம் என்ன பேசுவது?

அடுத்த தடவை சாமியை இழுத்தேன். மகன் பிளஸ் டூ பாஸானால் தீர்த்தமலை ஏறி, அடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கி வருவதாக வேண்டிக்கொண்டேன் என்றேன். அவன் ஏற்கெனவே பாஸாகியிருந்தான். வேண்டுதலைத் தடுத்த பாவம் யாருக்கு வேண்டும்? வீட்டில் சரி என்றுவிட்டார்கள். மாமியார் ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தார். "தீர்த்தம் புடிச்சாந்திரு கண்ணு. முட்டி வலிக்குத் தடவிப் பாக்கறேன்."

அரூர் பஸ் நிலையத்தில் என் தோழி காத்திருந்தாள். காலேஜில் கூடப் படித்தவள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக பேக்கரி நடத்துகிறாள். ஆன்லைனில் வாங்கிய டெண்ட் அவள் முதுகில் தொங்கியது. தீர்த்தமலை பஸ் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மலைப்பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே போனில் சிக்னல் போய்விட்டது. எனக்கு முதலில் வந்தது பயம்தான். பால்காரருக்கு யார் பாத்திரம் எடுத்து வைப்பார்கள், டேங்க் நிறைந்தால் மோட்டாரை யார் நிறுத்துவார்கள்? அடுத்த மேடு ஏறுவதற்குள் வாங்கிய மூச்சில் பால்காரர், மோட்டார் எல்லாமே மறந்துபோயிற்று.

சாமை அறுத்து முடித்த ஒரு நிலத்தில், அதற்குச் சொந்தக்காரப் பெண்மணியிடம் கேட்டுக்கொண்டு டெண்ட் போட்டோம். "உங்க வூட்டுக்காரங்க யாரும் வரலிங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லதாப் போச்சு, போங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பக்கத்திலேயே ஓடை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இருட்டும் வரை தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து, நான் எங்கே போகிறேன் என்று யாரிடமாவது சொல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. அன்று நான் இருக்கும் இடம் கடத்தூரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பே இனித்தது. விடிந்து வெகுநேரம் பாறையில் சும்மா படுத்துக் கிடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

கிளம்பும்போதுதான் பாட்டில் ஞாபகம் வந்தது. ஓடையிலேயே நிரப்பிக்கொண்டேன். தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாமியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். எல்லோர் தலையிலும் தெளித்தார். மிச்சத்தை முட்டியில் தடவி வந்தவர், வலி குறைந்திருப்பதாகத் தெருவெல்லாம் சொன்னார். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். வருஷா வருஷம் போக வழி கிடைத்துவிட்டதென்று கணக்குப் போட்டேன்.

மறு வருஷம் நான் பையை எடுத்து வைக்கும்போது, தீர்த்தமலைக்குக் குடும்பமே வருகிறது என்றார்கள். வேன் பேசியாகிவிட்டது. நாத்தனார், அவர் பிள்ளைகள், புளிச்சோற்று அண்டா. பாட்டுப் போட என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் வேறு எடுத்துக்கொண்டார். வந்த ஆத்திரத்தில் வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறினார். மேலே தீர்த்தத்தைக் கையில் ஏந்திக் குடித்தார். திரும்பவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"போன வருசம் நீ கொண்டாந்த தண்ணி இது இல்ல. அதுல எல வாசம் அடிச்சுது." குரலில் கோபமே இல்லை. "வேற எங்கியோ போயிட்டு வந்திருக்க. என்னையும் ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போ கண்ணு. இவுங்க யாரும் வாணாம். நாம ரெண்டு பேரும் போலாம்."

கீழே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். "இல்லிங்கத்த, இதே தண்ணிதாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, உடு" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இருவருமே போயிருப்போம். அத்தையோடு போகிறேன் என்றால் யார் தடுத்திருப்பார்கள்? அந்த ஓடையில் அவரும் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். இது ஏன் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை. தோழி குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன டெண்ட் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மாமியாரால் இப்போது வாசற்படி இறங்கவே முடியவில்லை.

வேன் மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது. இந்த வருஷம் ஏறுவதற்கு முன், திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியாரிடம், "தீர்த்தம் கொண்டாரட்டுங்களா அத்த?" என்று கேட்டேன்.

"அந்தத் தண்ணியா இருந்தாக் கொண்டா கண்ணு" என்றார். "இல்லின்னா வாணாம்."

வேன் தீர்த்தமலைக்குத்தான் போனது.