பி கிராமத்துக் கிணறு

பத்திரிகையில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் எதையோ கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்தால், என் வீட்டில் அதை எனக்கு வாசித்துக் காட்ட மாட்டார்கள். காலை நேரத்தில் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் படிக்காதவன் இல்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சயன்ஸ் வாத்தியாராக இருந்தவன். என் கோபம் படிப்பின் மேல் அல்ல, படித்தவர்களின் மேல். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அலங்காநல்லூருக்கு வடக்கே சில ஊர்களில் நரம்புச் சிலந்தி அதிகம். மாசி பிறந்தால் போதும், காலில் ஒரு கொப்புளம் கிளம்பி உடையும். உடைந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடையாக இழுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும்.

அந்த ஊர்களில் குடிக்கிற தண்ணீர் படிக்கிணற்றுத் தண்ணீர். புழு வந்த கால் படியிறங்கித் தண்ணீரில் நிற்கும். அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அவற்றை ஒரு பொடிப் பூச்சி விழுங்கும். பூச்சியோடு சேர்த்து ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்கும். இந்த வருஷம் குடித்தது அடுத்த வருஷம் காலில் வந்து நிற்கும். இதெல்லாம் அப்போதே தெரிந்த விஷயம். படியை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, கப்பி போட்டு வாளியில் இறைத்தால் நோய் போய்விடும். அதுவரைக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாலே போதும். ஆனால் போய்விடும் என்று தெரிவது வேறாம், எவ்வளவு போகும் என்று நிரூபிப்பது வேறாம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டர் எனக்கு அப்படித்தான் விளக்கினார்.

சீமையில் படித்துவிட்டு வந்த தமிழர் அவர். நிழலில் உட்கார்ந்திருக்கும்போதும் சோலார் தொப்பியைக் கழற்ற மாட்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார். இரண்டுக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. அவர் ஏ கிராமம், பி கிராமம் என்று மறுபடி பெயர் வைத்தார். ஏ கிராமத்துக் கிணற்றுக்குச் சுவர் கட்டிக் கப்பி போடுவது, பி கிராமத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைப் போட்டார்.

மாதம் இரண்டு முறை சைக்கிளில் போய், எத்தனை பேர் காலில் எத்தனை புழு என்று ரிஜிஸ்தரில் எழுதிவர வேண்டும். வைத்தியம் சொல்லக் கூடாது. வடிகட்டச் சொல்லவே கூடாது. சொன்னால் ஒப்பீடு கெட்டுவிடும். கட்டுரையில் என் பெயரும் வரும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சில் பெயர் பார்க்கிற ஆசையில் எதற்கும் தலையாட்டுகிற வயது எனக்கு.

அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போவேன். அங்கே யார் வாசலில் போய் நின்றாலும் முதலில் செம்பில் தண்ணீர் வரும். வாங்காமல் இருந்தால் மரியாதைக் குறைவு. நான் வாங்க மாட்டேன். அதற்கு ஊர்க்காரர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்: வாத்தியார் வேதக்காரர், ஏதோ விரதம், வெளித்தண்ணீர் தொடமாட்டார். பாட்டிலில் இருப்பது மாதா கோயில் தண்ணீர் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. நாளாக நாளாக என் மேல் மரியாதை கூடியது. நான் மறுக்கவில்லை. ஓசியில் கிடைத்த புண்ணியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

ஊரின் மேற்குக் கோடியில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார். இரண்டு ஏக்கர் வயலைத் தனியாக நின்று பார்த்தார். நாற்றுப் பாவுவதிலிருந்து நெல் களம் சேரும் வரை அத்தனைக்கும் அவர் கால்தான் நடந்தாக வேண்டும். நான் போகும்போதெல்லாம் செம்பை நீட்டுவார். நான் தலையை ஆட்டியதும், விரதத்தைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லி, மொண்ட தண்ணீரை வீணாக்காமல் தாமே குடித்துவிடுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதல் வருஷம் சித்திரையில் ஏ கிராமத்தில் கப்பி ஏறியது. அக்காவின் மகள் வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில்தான். மகளைப் பார்க்கப் போனவர் கிணற்றையும் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று ஊர்த்தலைவரான அம்பலகாரர் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பத்தே நாளில் வண்டி வண்டியாகக் கல் வந்து கிணற்றடியில் குவிந்தது. கொத்தனாரும் வந்துவிட்டார். எந்தப் பல்கலைக்கழகத்தின் உதவியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நான்தான் புத்திசாலித்தனமாக டாக்டருக்கு எழுதிப்போட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உடனே நிறுத்து என்று தந்தி வந்தது. பின்னாலேயே கடிதம்: கிராமத்தாரின் அவசரப் புத்தியால் ஆராய்ச்சி பாழாகிவிடும், இன்னும் ஒரு கோடை பி கிராமம் இருந்தபடியே இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வேலைக்குச் சைக்கிளில் போனவன் நான்.

கிணற்றடியில் நின்று பொய் சொன்னேன். படித்தவன் பொய், கேட்க நன்றாகவே இருந்தது. சர்க்கார் இஞ்சினியர் அளந்து பார்க்காமல் கட்டினால் ஊற்றுக்கண் அடைபட்டுப்போகும், அடுத்த வருஷம் அவரே வந்து நின்று கட்டித்தருவார் என்றேன். அம்பலகாரர் யோசித்தார். விரதம் இருக்கிற மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கொத்தனாரை அனுப்பிவிட்டார்கள். அக்கா மட்டும் நகரவில்லை.

"அதுவரைக்கும் இந்தத் தண்ணியவே குடிக்கலாமா வாத்தியாரே?"

"குடிக்கலாம்க்கா. இம்புட்டு நாளும் குடிச்சுக்கிட்டுத்தான இருக்கீக" என்றேன்.

வடிகட்டிக் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, மனுஷனாக இருந்தால் போதும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாசியில் அக்காவுக்கு வலது முழங்காலில் புழு தலை நீட்டியது. அறுப்பு நேரம். படுத்துக்கிடந்தால் நெல் உதிர்ந்துபோகும் என்று குச்சியைக் காலோடு கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். புழு அறுந்தது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். வீக்கம் வடிந்தபோது மடங்கிய முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. வயலைக் கொழுந்தன் உழ ஆரம்பித்தான். நான் ரிஜிஸ்தரில் எழுதினேன்: வலது முழங்கால், ஒன்று, அறுந்தது.

மழைக்காலத்துக்கு முன்பு மதுரையில் ஒரு மண்டபத்தில் டாக்டர் பேசினார். பெரிய தாளில் இரண்டு கோடுகள் வரைந்து மாட்டியிருந்தார். ஏ கிராமத்துக் கோடு கீழே இறங்கியது. பி கிராமத்துக் கோடு மேலே ஏறியது. எவ்வளவு அழகாக ஏறுகிறது என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். பி கிராமத்து மக்களின் பொறுமையான ஒத்துழைப்புக்கு டாக்டர் நன்றி சொன்னார். கைதட்டினார்கள். அந்த மக்களில் ஒருவர்கூட மண்டபத்தில் இல்லை. நானும் கைதட்டினேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

மறுநாளே ஊருக்குப் போய், இஞ்சினியர் வரமாட்டார், நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்றேன். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக வெயிலில் கிடந்த அதே கல்லை வைத்து நாலு நாளில் கட்டி முடித்துவிட்டார்கள். ஊற்றுக்கண்ணுக்கு ஒரு கேடும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அச்சான கட்டுரை தபாலில் வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கோடு போட்ட பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல என் காலு எங்க இருக்கு?"

மேலே ஏறிய கோட்டின் முனையில் இருந்த புள்ளியைக் காட்டினேன். அக்கா அதன் மேல் விரலை வைத்தார்.

"இது எறங்கிறக் கூடாதுன்னுதான் கல்லத் தொடாதீகன்னு சொன்னீகளா?"

ஆமாம் என்றேன். நியாயம் சொல்ல வாயெடுக்கவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

"அப்ப அந்த விரதம்?"

"விரதமெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

அக்கா கம்பை ஊன்றி எழுந்து உள்ளே போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கப்பித் தண்ணீர்தான், பயப்படாமல் குடியுங்கள் என்றார். அந்த ஊரில் முதன்முதலாக அன்றுதான் தண்ணீர் குடித்தேன். செம்பு காலியாகும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அதை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"மொத நாளே இத எங்கிட்டச் சொல்லியிருந்தா, ஒங்க முன்னால நானும் குடிச்சிருக்க மாட்டேனே."