மேல் பக்கம் எது

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத்தான் துபெர்னெய் அதைக் கீழே வைப்பான். பழைய செருப்புப் பெட்டியின் மூடியில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் படத்தை வரைந்து, பதினான்கு துளை போட்டு வைத்திருக்கிறான். நட்டநடுத் துளையில் செருகும் போல்ட் ‘சதுக்கம்’. அடுத்தது ‘இரட்டைப் பாலம்’. அப்புறம் ‘பள்ளிக்கூடம்’, ‘விதவை வீடு’, ‘பால் தொட்டி’. எல்லாம் அவன் அம்மா எதில்மா ஜீப் ஓட்டும் மலைத்தடத்தின் நிறுத்தங்கள். ஹெட்டை இறுக்கும்போது நடுவில் தொடங்கி, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே போக வேண்டும். கழற்றும்போது கடைசி நிறுத்தத்திலிருந்து சதுக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும். எண் போட்டால் அவனுக்கு மாறிவிடும். நிறுத்தம் மாறாது.

“பள்ளிக்கூடம் இன்னும் லூசா இருக்கு,” என்று தனக்குள் பேசிக்கொள்வான். “விதவை வீடு நல்ல டைட்டு.”

அந்த வழியாகப் போன ஒரு கன்னியாஸ்திரி அதைக் கேட்டு நின்று, சிலுவை போட்டுக்கொண்டு நடையைக் கட்டியதை நான் பார்த்தேன்.

துபெர்னெய்க்கு வயது இருபத்து மூன்று. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை. மெக்கானிக் வேலையை அவன் எவரிடமும் போய்க் கற்கவில்லை. எவனோ பிரதி எடுக்கக் கொண்டுவந்த டிராக்டர் புத்தகத்தில் தனக்கும் ஒரு பிரதி போட்டுக்கொண்டான்; அவ்வளவுதான் அவன் படிப்பு. புத்தகம் போர்ச்சுகீசியத்தில் இருந்தது. எங்கள் ஸ்பானியத்துக்குப் பக்கத்து வீட்டு மொழிதான். பாதி புரியும், மீதிப் பாதி புரிந்த மாதிரி இருக்கும். அதில்தான் வினையே. போதாததற்கு, படங்கள் இருந்த பக்கங்களெல்லாம் ஜெராக்ஸில் கருப்பாக விழுந்திருந்தன.

புத்தகம் கைவிட்ட இடத்தில் ஊரைக் கேட்பான். பேக்கரிக்காரரைக் கேட்பான், பஸ் டிரைவரைக் கேட்பான், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் பாதிரியாரையும் விடமாட்டான். கிடைத்த பதிலையெல்லாம் இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். ‘எண்ணெய் தடவு’ என்று மணிக்கட்டில் இருக்கும். ‘எண்ணெய் தடவவே தடவாதே’ என்று முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே மரியாதையோடுதான் சுமந்து திரிவான்.

ஜீப்பின் உடம்பு எதில்மாவைவிட மூத்தது. உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின் பிற்பாடு வைத்தது, ஜப்பானிலிருந்து வந்தது. வாழைத்தார், காப்பி மூட்டை, சீருடைப் பிள்ளைகள், சில சமயம் சவப்பெட்டி என்று இருபத்தோரு வருடமாக அவள் மலைக்கு ஏற்றி இறக்குகிறாள். சதுக்கத்து ஜீப் வரிசையில் அவள் எண் ஏழு. சனிக்கிழமை சந்தை நாள். அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை வரிசையில் நிற்காத எண், காத்திருப்பவருக்குப் போய்விடும். அது ஜீப்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம்; யாரும் அதை மீறியதில்லை. பத்து நாளுக்கு முன்னால் ஏற்றத்தில் ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. முதல் சனிக்கிழமை அப்படிப் போயிற்று. அடுத்தது நாளை.

காத்திருப்பவர் பெயர் அர்செசியோ; மரியாதைக்கு ‘தோன்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக ஒரு எண்ணுக்காக நிற்கிறார். அதுவரை ஆற்று மணல் ஓட்டுகிறார். தினமும் காலையில் கறுப்புக் காப்பிக் குவளையோடு எதில்மா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். துக்கம் கேட்க வருகிற முகம்.

“என்ன டாக்டரே, நோயாளி எப்படி?”

“தூங்குறாரு, தோன் அர்செசியோ.”

“எந்திரிப்பாரா?”

“நாளைக்கு எந்திரிப்பாரு.”

“செவ்வாய்க்கிழமையும்தான் எந்திரிச்சாரு. விதவை வீட்டு வாசல்லயே ஆவி பிரிஞ்சிருச்சே.”

“காப்பி குடிச்சாச்சுன்னா குவளைய வச்சுட்டுக் கிளம்புங்க,” என்றாள் எதில்மா, திரும்பிப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். ஞாயிறன்று துபெர்னெய் தன் வாழ்க்கையின் முதல் ஹெட் கேஸ்கட்டை மாற்றினான். எல்லாம் சரியாகச் செய்தான். கையில் எழுதிய வரிசை, மூன்று சுற்று இறுக்கம், எதுவும் தப்பவில்லை. செவ்வாயன்று ஓட்டிப் பார்த்தபோது மேலே டக்டக்கென்று ஒரு சத்தம். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் சூடுமுள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

கேஸ்கட் வாங்கும்போது இரண்டாக வாங்கியிருந்தான். கடைக்காரர் ஏன் என்று கேட்டதற்கு, “ஒண்ணு தப்பாப் போடறதுக்கு, ஒண்ணு சரியாப் போடறதுக்கு” என்றானாம். ஒரு முறை நசுங்கிய கேஸ்கட் மறுபடி உதவாது. ஆக, கையில் இருப்பது கடைசி. பெரெய்ரா நகரத்திலிருந்து இன்னொன்று வர அடுத்த செவ்வாய் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டுத் திரும்பியதிலிருந்து, ஊரில் எந்த மருந்துப் புட்டியில் இங்கிலீஷ் இருந்தாலும் அது என்னிடம்தான் வருகிறது. நான் போனபோது ஹெட் கழற்றி மேசைமேல் இருந்தது. துபெர்னெய் புதுக் கேஸ்கட்டை இரண்டு கையாலும் ஒரு தட்டு போல ஏந்திக்கொண்டு நின்றான். ஓரத்தில் T, O, P என்று மூன்று எழுத்து பொறித்திருந்தது.

“இத வாசிங்க,” என்றாள் எதில்மா.

“டாப்.”

“இல்ல, தோப்பே,” என்றார் அர்செசியோ வாசலிலிருந்து. “கடைசி எழுத்துக்கு இடம் பத்தல, விட்டுட்டான்.”

அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் பேச்சில் தோப்பே என்றால் ஒன்று போய் முட்டி நிற்கும் இடம். கதவு சுவரில் இடிக்காமல் தடுக்கும் கல் தோப்பே. மூட்டை வாய்வரை நிரம்பினால் அது தோப்பே. துபெர்னெயும் ஞாயிறன்று அப்படித்தான் படித்திருந்தான்: இந்தப் பக்கம் போய் முட்டி உட்கார வேண்டும். எதில் முட்டும்? கீழே இருக்கும் பிளாக்கில். எழுத்து இருந்த பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

“இங்கிலீஷ்ல அதுக்கு மேல்னு அர்த்தம்,” என்றேன்.

அவன் முகம் இன்னும் கலங்கியது. “மேல்னா, இந்தப் பக்கம் மேல பாக்கணுமா? இல்ல, இந்தப் பக்கத்துக்கு மேல ஹெட் வரணுமா?”

இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆயிற்று.

“ஜப்பான்காரன் ஏன் இங்கிலீஷ்ல எழுதணும்?” என்று கேட்டான்.

“தெரியல.”

“பாத்தியா,” என்றார் அர்செசியோ. “அந்தப் பொண்ணுக்கே தெரியல. என் வண்டில எழுத்து கீழதான் இருக்கு. ஓடலயா? மணலு சுமக்கலயா?”

துபெர்னெய் என்னைப் பார்த்தான். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாதவள். அவரைப் பார்த்தான். இருபது வருடம் எஞ்சினோடு கிடந்தவர். ஆனால் ஜீப் நாளை கிளம்பாவிட்டால் ஏழாம் எண் அவருக்கு. மனிதர் மனமறிந்து பொய் சொல்கிறாரா, உண்மையாகவே நம்புகிறாரா என்று அந்த முகத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. துபெர்னெய் பேனாவை எடுத்தான். கையில் எழுத இடமில்லை.

கோபம் வந்தால்தான் எதில்மா மகனை ‘நீங்க’ என்பாள். “நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் போடுங்க,” என்றாள். “நாளைக்கு ஆறு மணிக்கு நான் சதுக்கத்துல நிக்கணும்.”

அவன் உள்ளே போய் வெல்லத் தண்ணீரும் சோள அடையும் எடுத்து வந்து, ஹெட்டுக்கு எதிரே உட்கார்ந்து தின்றான். யோசிக்கும்போது அவன் அடையை ஓரத்திலிருந்து வட்டமாகக் கடித்துக்கொண்டே நடுவுக்கு வருவான். நடுத்துண்டு மட்டும் மிஞ்சியபோது, அடுத்து எதைத் துடைப்பது என்று தெரியாமல் ஹெட்டின் மேல்மூடியை இழுத்து, உட்புறத்தை விரலால் தடவினான். விரலை மோந்து பார்த்தான். என் பக்கம் நீட்டினான்.

“என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“எண்ணெய் இருக்கணும். செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் ஓடியிருக்கு. இங்க சொட்ட சொட்ட இருக்கணும். அது இல்லாமத்தான் மேல டக்டக்னு அடிச்சிருக்கு.”

எழுந்து போய் எங்கிருந்தோ சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான். ஹெட்டை மேசைமேல் பக்கவாட்டில் நிமிர்த்தி, அதன் அடிமுகத்தில் நசுங்கிய பழைய கேஸ்கட்டை, ஞாயிறன்று இருந்த மாதிரியே, எழுத்து ஹெட்டைப் பார்க்காமல் பொருத்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். மறுபக்கத்திலிருந்து எண்ணெய்த் துளைக்குள் கம்பியை விட்டான். கம்பி உள்ளே போய் டிக்கென்று நின்றது. கேஸ்கட் அந்தத் துளையை மூடியிருந்தது.

“திருப்புங்க.”

எழுத்து ஹெட்டைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தேன். கம்பி சரசரவென்று வந்து என் வயிற்றில் குத்தியது.

அவன் சந்தோஷப்படவில்லை. கம்பியை இழுத்துவிட்டு மறுபடி விட்டான். மறுபடி. மூன்று முறையும் வந்தது. “அப்போ தண்ணித் துளையும் பாதி அடைச்சுத்தான் இருந்திருக்கும்,” என்றான். “ஆனா சில துளைய வேணும்னே மூடி வச்சிருப்பாங்கன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எது வேணும்னு மூடினது, எது நான் மூடினது?”

“எண்ணெய்த் துளையை யாராவது வேணும்னு மூடுவாங்களா?”

“போர்ச்சுகல்ல மூடுவாங்களோ என்னவோ.”

காப்பிக் குவளை மட்டும் வாசல் திண்டில் இருந்தது. அர்செசியோ எப்போது போனார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு எழுத்து மேலே இருக்க, கடைசிக் கேஸ்கட் உட்கார்ந்தது. சதுக்கத்தில் தொடங்கினான். இரட்டைப் பாலம், பள்ளிக்கூடம், விதவை வீடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்பேனரை நிறுத்தி, “சரிதானே?” என்று என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும். சரி என்றேன், பதினான்கு முறை, மூன்று சுற்றுக்கும்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு எதில்மா ஏழாம் இடத்தில் நின்றாள். வரிசை எழுதுகிறவர் பலகையில் அவள் எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதினார். உள்ளே ஒன்பது பேர், பின்படியில் நான்கு பேர், கூரையில் ஒரு தையல் மெஷின். எஞ்சினில் டக்டக் இல்லை. துபெர்னெய் ஏறவில்லை. ஏறினால் வழியெல்லாம் நிறுத்தச் சொல்வேன் என்று அவனே சொல்லிக்கொண்டான். தேவாலயப் படியில் உட்கார்ந்து, மலைப் பாதையில் எங்காவது வெள்ளைப் புகை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். காலை நேரத்தில் அந்த மலையில் எல்லாமே வெள்ளைப் புகைதான். ஒவ்வொரு மேகத்துக்கும் எழுந்து நின்றான்.

எட்டரைக்கு ஜீப் திரும்பி வந்தது. வாழைத்தார் கூரையைத் தாண்டி நின்றது. எதில்மா எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்து விட்டுக் காப்பி குடிக்கப் போனாள். அவன் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். சூடுமுள் நடுவில் நின்றது.

அர்செசியோ மணல் தூசி படிந்த கால்சட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். கிண்டலெல்லாம் எங்கோ போயிருந்தது.

“எந்தப் பக்கம்தான்டா போட்டே?”

துபெர்னெய் அர்செசியோவின் கையைப் பிடித்து இழுத்து, எழுத்துப் பக்கம் மாதிரி உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி மலர்த்தி வைத்தான். ஒரு கணம் அதையே பார்த்தான். கவிழ்த்தான். பிறகு மறுபடி மலர்த்தினான்.