ஒரே ஈத்துக் குட்டிகள்

மகள் தமிழினி நர்சிங் படிக்கச் சென்னைக்கு ரயிலேறிய அடுத்த சனிக்கிழமை, பாண்டித்துரை ஒரு சாக்குப் பையோடு வீட்டுக்குள் வந்தார். பைக்குள் இரண்டு நாய்க்குட்டிகள் இருந்தன. நாற்பது நாள்கூட ஆகாத பெட்டைக் குட்டிகள். செம்மண் நிறம், மூக்கிலிருந்து கண்வரை கரி பூசினாற்போல் கறுப்பு.

“கோம்பையில தெரிஞ்ச ஆளு ஒருத்தன் குடுத்தான். கடுவன் எல்லாம் போயிருச்சாம். பொட்டக்குட்டிய எவனும் தூக்க மாட்டேங்குறான், கம்மாக்கரையில விட்டுருவேன்னான். சரி கொண்டான்னு வாங்கிட்டு வந்துட்டேன்.”

“அதுக்காக ரெண்டையுமா?” என்றாள் அவர் மனைவி அமுதவள்ளி.

“ஒண்ணுக்கொண்ணு தொணையாக் கெடக்கும். நீயும் தனியாத்தான இருக்க.”

அது உண்மைதான். பாண்டித்துரைக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வருவார், திங்கள் விடியலில் ஏறிப் போவார். மற்ற நாளெல்லாம் போடியில் இருந்த அந்த இரண்டறை வீட்டில் அமுதவள்ளி மட்டும்தான். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஊருக்குள் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். மேசையில் கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே தள்ளிவிடுவாள். கண் பார்க்குமுன் விரல் பார்த்துவிடும்.

நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவள். ஒன்றுக்குச் செம்பி, மற்றதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். செம்பி எதற்கும் முன்னால் நிற்கும். சிட்டு அதன் வாலுக்குப் பின்னால் நிற்கும். ஒரே தட்டில் பால்சோறு, ஒரே சாக்கில் படுக்கை. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போகும்போது இரண்டும் அழவில்லை. ஒன்றின் காதை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. ஒன்றாக இருக்கும்வரை கவலையில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மாதமானதும் பழக்க ஆரம்பித்தாள். “உக்காரு” என்றால் உட்கார வேண்டும், “வா” என்றால் வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. “சிட்டு, வா மோளே” என்று கூப்பிடுவாள். மலையில் வளர்ந்தவள், பாசம் வந்தால் மலையாளம் வந்துவிடும். சிட்டு அவளைப் பார்க்காது, செம்பியைப் பார்க்கும். செம்பி அசையாவிட்டால் அதுவும் அசையாது. செம்பியை மட்டும் சங்கிலியில் தெருவுக்குக் கூட்டிப் போனால், வீட்டுக்குள் சிட்டு போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். சிட்டைக் கூட்டிப் போனாலோ, ஒரு ஆட்டோ சத்தத்துக்கே வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு சாக்கடை ஓரமாக ஒதுங்கும்.

“ரெண்டும் ஒண்ணுமண்ணாக் கெடக்கு. அதைப் போய்ப் பிரிச்சுப் பிரிச்சு இழுக்குறியே, உனக்கு வேற சோலி இல்லையா?” என்று பாண்டித்துரை சிரித்தார். அவளுக்கும் அது சரியென்று பட்டது. பழக்குவதை விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் இரண்டும் பருவத்துக்கு வந்தன. அந்தச் சனிக்கிழமை பாண்டித்துரை வாசலில் செருப்பைக் கழற்றினார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடி வந்து வாசற்படியில் முட்டிக்கொண்டன. விளையாட்டுக் கடி போலத்தான் ஆரம்பித்தது. பிறகு சத்தம் மாறியது. பாண்டித்துரை ஒரு குடம் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் விட்டன. செம்பியின் கழுத்தில் இரண்டு பல் பதிந்திருந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்த சிட்டுதான் கடித்திருந்தது.

நாலு நாள் கழித்து மறுபடியும் நடந்தது. அப்போது வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். தண்ணீர் எடுக்கத் தோன்றவில்லை. கத்தினாள், பிறகு கையை உள்ளே விட்டாள். எது கடித்ததென்று இன்றுவரை தெரியாது. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை பிளந்து தொங்கியது. தையல் போட்டார்கள், வெறிநாய்க்கடி ஊசியும் வரிசையாகப் போட்டார்கள். காயம் ஆறிய பிறகும் ஆள்காட்டி விரல் முழுசாக மடங்கவில்லை. கடைக்காரர் நல்லவர், ஒரு மாதம் இடத்தை வைத்திருந்தார். ஆனால் அந்த விரலால் காய் பொறுக்க முடியவில்லை. அவள் நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். இவளை மூட்டைக்குச் சீட்டு ஒட்டும் இடத்தில் நிற்க வைத்தார்கள். இருபது வருசம் செய்த வேலையை அடுத்தவள் செய்வதை எட்ட நின்று பார்த்துக்கொண்டு சீட்டு ஒட்டினாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் செழியன் என்று ஒரு டாக்டர், சின்ன வயசு. அவர் இரண்டு நாய்களையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ரெண்டும் ஒரே ஈத்தா அக்கா, ஒரு தாய் ஒண்ணாப் போட்டதா?”

“ஆமா சார்.”

“ஒண்ணாவே தின்னு ஒண்ணாவே படுத்து வளந்துச்சுகளோ?”

“ஆமா. அதுல என்ன சார் தப்பு?”

“அதுகளுக்கு நீங்க தேவைப்படவே இல்லக்கா. அதான் தப்பு. மொதல்லயே தனித்தனியாப் படுக்க வச்சு, தனித்தனியா வெளிய கூட்டிப்போயிருக்கணும். இப்பவும் பிரிச்சு வச்சுப் பழக்குங்க, கருத்தடையும் பண்ணிரலாம். ஆனா ஒரே ஈத்துப் பொட்டைக ரத்தம் பாத்துருச்சுன்னா மறுபடி சேர்றது கஷ்டம். ஒண்ண நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருங்க.”

“குடுக்க மாட்டேன் சார்,” என்றாள், அவர் முடிக்குமுன்னே.

அதன்பிறகு அந்த வீடு இரண்டாகிவிட்டது. முன்னறையில் ஒன்று, அடுப்படி அறையில் ஒன்று, நடுவில் எப்போதும் சாத்திய கதவு. விடியலில் செம்பியைக் கண்மாய்ப் பக்கம் கூட்டிப்போய்த் திரும்பி, கட்டிவிட்டு, சிட்டைக் கூட்டிப் போவாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து அறை மாற்றுவாள். இதில் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. தனியாக இருக்கும்போது இரண்டும் அவளைப் பார்க்க ஆரம்பித்தன. செம்பி ஒரே வாரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது. “இரு” என்றால் அவள் தெருமுனை போய்த் திரும்பும்வரை இருந்த இடத்திலேயே இருந்தது. சிட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் காலை, பஸ்சு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது, அது தரையில் பதுங்காமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அமுதவள்ளி ரோட்டிலேயே குத்தவைத்து உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஆனால் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறுமல் நிற்கவில்லை. கருத்தடை செய்தும் நிற்கவில்லை. கதவின் அடிப்பலகை நகம் பட்டு நாராகிக் கிடந்தது. அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. தமிழினியைப் பார்க்கச் சென்னைக்குப் போகவில்லை. “அம்மா, எனக்குக் காய்ச்சல்னு சொல்லியும் நாயைப் பாத்துக்கிட்டு இருக்கியா?” என்று மகள் போனில் அழுதாள்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரை தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து நடுக்கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து பிரித்தபோது சிட்டின் ஒரு காது கிழிந்து தொங்கியது. கண்ணுக்கு அரை விரல் கீழே இன்னொரு காயம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இது வளக்குறதா? ஜெயில் வச்சு நடத்துற மாதிரி இருக்கு. ஒண்ணக் குடுத்துரு அமுதா. நான்தான கொண்டாந்தேன், நானே சொல்றேன்.”

“முடியாது.”

“ஏன் முடியாது? நாய்தான?”

“ரெண்டு பொட்டப்புள்ளைல ஒண்ணத் தூக்கி அடுத்தவகிட்டக் குடுக்குறது உங்களுக்கு லேசாப் படும். போனவளுக்குத்தான் தெரியும்!”

பாண்டித்துரைக்குத் தெரியும். அமுதவள்ளிக்கு ஏழு வயதில் நடந்தது அது. அப்பா இறந்த வருசம், அம்மாவால் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் சோறு போட முடியவில்லை. மூத்தவளை மலைமேல் எஸ்டேட்டில் இருந்த அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் அமுதவள்ளி தூங்கி எழுந்தபோது அம்மா இல்லை. சொல்லாமல் இறங்கிப் போயிருந்தாள். அத்தை கெட்டவளில்லை, படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து வைத்தாள். இருந்தாலும் ஏன் தன்னை என்ற கேள்வியை அமுதவள்ளி அம்மாவிடம் கேட்டதே இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருசமாயிற்று.

அமுதவள்ளி ஒரு வாரம் சிட்டின் காதுக்கு மருந்து போட்டாள். அது வலியில் நடுங்கியபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கும்போதுகூட அது ஒரு கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. இதற்கு மேல் வைத்திருப்பது தன் பிடிவாதத்துக்காகத்தானே தவிர இதுகளுக்காக இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி டாக்டரிடம் போனாள்.

“குடுக்குறதுன்னா எதக் குடுக்கணும் சார்?”

“புது ஆளு, புது எடம்னா எது சமாளிக்குமோ அதக் குடுங்க. இன்னொண்ணக் குடுத்தா ஏங்கியே செத்துரும்.”

சமாளிப்பது செம்பிதான். சொன்ன பேச்சைக் கேட்பது, அவள் கால் சத்தத்துக்கே எழுந்து நிற்பது, அவள் மனதுக்கு நெருக்கமானது, எல்லாம் செம்பி.

அன்று சாயங்காலம் தங்கை ரேணுகாவுக்குப் போன் செய்தாள். ரேணுகா மதுரையில் இருந்தாள். இருவரும் பொங்கல், தீபாவளிக்கு மட்டும் பேசிக்கொள்பவர்கள்.

“ஏ ரேணு, அம்மா ஏன் என்னைய அனுப்புச்சு? உன்னைய ஏன் அனுப்பல?”



“எனக்குத்தான் அப்ப மூச்சு எரைப்பு இருந்துச்சுல்லக்கா. மலைக் குளிருக்கு நான் செத்துருவேன்னு அம்மா பயந்துச்சு. நீ தாங்கிக்கிருவன்னு சொல்லும். எத்தனையோ தடவ சொல்லி அழுதுருக்கு.”

“எங்கிட்டச் சொல்லலையே.”

“உங்கிட்ட எப்படிச் சொல்லும்?”

அமுதவள்ளி போனை வைத்துவிட்டாள். ஆறுதலாக இருந்ததா என்று பாண்டித்துரை பிறகு கேட்டார். “இல்ல. கோவந்தான் வந்துச்சு,” என்றாள்.

பொட்டிபுரத்துப் பக்கம் மலையடிவாரத்தில் வேலுச்சாமி, சுந்தரம்மாள் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். தோட்டத்திலேயே வீடு. காட்டுப் பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிறது என்று நல்ல நாய் தேடிக்கொண்டிருந்தார்கள். பாண்டித்துரை விசாரித்துவிட்டு வந்தார். அமுதவள்ளி ஒரு நிபந்தனை போட்டாள்: விட்டுவிட்டு உடனே வரமாட்டேன், இரண்டு நாள் கூட இருப்பேன். அதுவரை சிட்டைப் பார்த்துக்கொள்ள அவர் லீவு போட்டார்.

வேலுச்சாமிக்கு அது விநோதமாக இருந்தது. “நாயக் குடுக்க வந்துட்டுக் கூடத் தங்குறவள இப்பத்தான் ஆத்தா பாக்குறேன்,” என்றார். சுந்தரம்மாள் பாய் எடுத்துப் போட்டாள்.

முதல் நாள் செம்பி யார் கையிலும் தின்னவில்லை. அமுதவள்ளி சோற்றைப் பிசைந்து சுந்தரம்மாள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “உக்காருன்னு சொல்லுங்க மதினி, கத்தாதீங்க. ஒரு தடவ சொல்லிட்டுப் பேசாம இருங்க. அதுவா உக்காரும்.” இரண்டாம் நாள் மத்தியானம் செம்பி அந்தக் கையிலிருந்து தின்றது. சாயங்காலம் சுந்தரம்மாளோடு வரப்பு வரை போய்த் திரும்பியது.

மூன்றாம் நாள் காலையில், வேலுச்சாமி சொன்னார்: “அது திங்கிற நேரமாப் பாத்துப் பின்வழியாப் போயிருத்தா. பாத்தா கத்தும்.”

“கத்தட்டும்ணே,” என்றாள். தென்னையில் கட்டியிருந்த செம்பியின் முன்னால் போய் உட்கார்ந்து, “நான் போறேன் மோளே. நீ இங்கதான் இருக்கணும்,” என்று சத்தமாகச் சொன்னாள். நாய்க்கு என்ன புரிந்திருக்கும்? வாலை ஆட்டியது. அவள் வேலியைத் தாண்டியதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. பஸ்சு நிற்கும் இடம்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது. அவள் காதைப் பொத்தவில்லை.

வீட்டுக்கு வந்து நடுக்கதவைத் திறந்து வைத்தாள். பதினொரு நாள் சிட்டு அந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. ஆனால் முதல்நாள் இரவே கால் நாலையும் நீட்டி, வயிறு ஏறி இறங்கத் தூங்கியது. மாதக்கணக்கில் அது அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, செம்பிக்காக எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு மாதம் பொறுத்துப் பொட்டிபுரம் போனாள். செம்பி தூரத்திலேயே கண்டுகொண்டு பாய்ந்து வந்து அவள் மேல் ஏறியது. பிறகு சேலையை முகர்ந்தது. சிட்டின் வாடை அடித்திருக்க வேண்டும். பின்வாங்கி, முடி சிலிர்க்க, அவளைப் பார்த்தே உறுமியது. அமுதவள்ளி அசையாமல் நின்றாள்.

“செம்பி, உக்காரு,” என்றாள் சுந்தரம்மாள், கத்தாமல், ஒரே ஒரு தடவை.

செம்பி சுந்தரம்மாளின் காலடியில் போய் உட்கார்ந்தது.

“கோவிச்சுக்காதத்தா,” என்றாள் சுந்தரம்மாள் சங்கடத்தோடு.

“நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க மதினி,” என்று சொல்லிவிட்டு, அமுதவள்ளி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். மோர் கொடுத்தார்கள், குடித்தாள். அடுத்த பஸ்சுக்கு இன்னும் நேரமிருந்தது.