சீர்வரிசையில் மெக்சிகோ

செல்லக்கனியின் கல்யாணச் சீரில் பதினைந்து பவுன் நகை, கட்டில், பீரோ, எவர்சில்வர் பாத்திரங்கள், ஒரு மெக்சிகோ ஆகியவை பேசி முடிக்கப்பட்டன. மற்றவையெல்லாம் மினிலாரியில் வந்து இறங்கிவிட்டன. மெக்சிகோ மட்டும் வரவில்லை. ஒரு பெண் மாமியார் வீட்டில் தலை நிமிர முடியாமல் போவதற்கு ஒரு குடம், ஒரு குத்துவிளக்கு குறைந்தாலே போதும். இவளுக்கு ஒரு நாடே குறைந்தது.

நாடு சீர்வரிசைக்குள் நுழைந்த கதை இது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து 2008இல் பஸ் ஏறி வந்து சென்னையை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் இறங்கியவள் செல்லக்கனி. செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. சார்ஜரின் மேல்மூடியை அழுத்த வேண்டும். டக் என்று சத்தம் வந்ததும் அடுத்தவளிடம் தள்ள வேண்டும். அவ்வளவுதான். டக் வராமல் அவள் கையை விட்டு ஒன்றும் போனதில்லை.

அந்தக் கம்பெனி வருடா வருடம் குடும்ப தினம் கொண்டாடும். குடும்பங்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், ஹாஸ்டல் பெண்கள் தங்களுக்குள்ளேயே அக்கா தங்கையாகி பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவார்கள். 2010 குடும்ப தினத்தில் ஒரு புதுமை. உலகத்தில் கம்பெனிக்கு இருக்கிற எல்லாத் தொழிற்சாலைகளிலும் கழிவு குறைந்த உற்பத்தி லைன் எது என்று போட்டி வைத்திருந்தார்கள். ஜெயித்தது செல்லக்கனியின் லைன். பரிசு ஒருவருக்குத்தான் என்பதால் கண்ணாடிக் குடுவையில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். செல்லக்கனி பெயர் வந்தது. மெக்சிகோவில் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் குடும்பத்தோடு தங்கல், நாலு பேருக்கு. கதவு அளவுக்கு அட்டையில் செய்த விமான டிக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் டிக்கெட் தெரிகிறது. செல்லக்கனிக்கு நெற்றியும் கால்களும் மட்டும்.

எச்.ஆர். சுகப்பிரியாவிடம் அவள் கேட்டாள்.

"அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போலாமா மேடம்?"

"அவங்க ஃபேமிலில வரமாட்டாங்கம்மா. ஃபேமிலின்னா ஹஸ்பண்ட், ரெண்டு கிட்ஸ்."

"பொறவு எங்க அப்பா யாரு மேடம்?"

சுகப்பிரியா நல்ல பெண். சிரித்துவிட்டு, "உனக்கு மேரேஜ் ஆகட்டும், அப்புறம் போய்க்கலாம். பரிசு எங்கயும் ஓடிப்போகாது" என்றாள். வழவழப்பான தாளில் ரிசார்ட்டின் படப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தாள். நீலக் கடல், மணலில் ஓலைக் குடைகள், வெள்ளைக் கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த ஓர் அன்னப் பறவை.

ஊருக்குப் போன் போட்டாள். அப்பா வனமாமலை கேட்டார்: "மெக்சிகோ எங்கட்டி இருக்கு?"

"அமெரிக்காவுக்குக் கீழ இருக்காம்ப்பா."

"கீழயா? அப்ப நம்மூரு மாதிரிதான். தண்ணி வருமான்னு கேட்டுக்க."

அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். கல்யாணம் ஆகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது. கல்யாணம் ஆனால் கடலே சொந்தம். கண்ணப்பன் கிடைத்தான். ஒரகடத்தில் வண்டி கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். அவன் அப்பா, பெயர் அப்பாவு, தெற்கத்தி ஆள்தான்; முப்பது வருடத்துக்கு முன்பே வந்து மண்ணூரில் மளிகைக் கடை போட்டவர். அம்மா சரோஜா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சில் தெற்கு ஒரு துளி கிடையாது.

சரோஜா இருபத்தைந்து பவுன் கேட்டாள். வனமாமலை பதினைந்தில் நின்றார். இரண்டு மணி நேரம் காபியும் மௌனமும் ஓடின. இடையில் இருந்த தூரத்து மாமா நெல்லையப்பன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்துப் பவுனுக்குப் பதிலா பிள்ளை கையில மெக்சிகோ இருக்குல்லா" என்றார்.

சரோஜா யோசித்தாள். "யார் யாரு போலாம்?"

"குடும்பத்துக்கு. நாலு பேரு."

"நாலு பேருன்னா சரி" என்று தாம்பூலத் தட்டை நகர்த்தினாள். அங்கேதான் எல்லாம் நடந்து முடிந்தது. அந்த நாலு பேர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை. மாமனார், மாமியார், மகன், மருமகள். எண்ணிப் பாருங்கள், நாலு.

2011 தை மாதம் கல்யாணம். மண்டப வாசலில் கண்ணப்பனின் ஷிப்ட் நண்பர்கள் ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். பின்னால் மெக்சிகோ கடல், முன்னால் கூலிங் கிளாஸோடு கண்ணப்பன், பக்கத்தில் பட்டுச்சேலையோடு மணலில் செல்லக்கனி. மேலே பறக்கும் விமானத்தின் ஜன்னல்களில் நண்பர்களின் முகங்கள். 'மெக்சிகோ செல்லும் மணமக்களை வாழ்த்துகிறோம்.'

சரோஜா எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வைத்தாள். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. "ஒண்ணும் இல்ல, ஃபாரின் போறம்ல, அதுக்குத்தான்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு செல்லக்கனி பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு சுகப்பிரியா முன்னால் போய் நின்றாள்.

"இன்-லாஸ் வர முடியாதும்மா. நீங்க ரெண்டு பேரும் இந்த மாசமே கிளம்பலாம். சொல்லு, இப்பவே தேதி போடறேன்."

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சீர் யார் வூட்டுக்கு வந்துச்சு? எங்க வூட்டுக்குத்தான? எங்கள வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போய் குந்திகினு வருவீங்களா?"

அப்பாவு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வேண்டாம். ப்ளேன்ல காது அடைக்குமாம். சின்னஞ்சிறுசுங்க போவட்டுமே."

"நீ கம்முனு கட. எறங்குனா எறங்கினே இருக்க வேண்டியதுதான். நாம புடிச்ச புடில நின்னா அவனே வருவான்."

சம்பந்தம் பேசுகிற ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். முதலில் இறங்குகிறவன் தோற்றான். முறுக்கிக்கொண்டு எழுந்து போகிறவனை வாசல் வரை வந்து கூப்பிடுவார்கள். சரோஜா தன் வாழ்நாளில் இந்த ஒரு வித்தையைத்தான் கற்றிருந்தாள், நன்றாகவே கற்றிருந்தாள். கம்பெனியையும் அவள் சம்பந்தியாகவே எடுத்துக்கொண்டாள். வாசல் வரை வந்து கூப்பிடும் என்று காத்திருந்தாள்.

அன்று படுக்கும்போது செல்லக்கனி புருஷனிடம் கேட்டாள்: "நாம ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வந்துருவமா?"

கண்ணப்பன் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். "அம்மா இன்னா சொல்லும்?"

இவ்வளவுதான் அவர்கள் மெக்சிகோவுக்கு மிக நெருங்கி வந்த தருணம்.

சுகப்பிரியா மனசு கேட்காமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தாள். மாமனார் மாமியார் குடும்பத்தில் சேர்த்தியில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைக் கேட்டுச் சரோஜா சிரித்தாள். "பாத்தியா, பதில் போட்டுட்டான். எறங்கி வரான்."

2012இல் பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு எங்கே போவது என்றார்கள். 2014இல் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது கம்பெனியை மூடினார்கள். சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஆர்டர் நின்றுபோனதாம். கணக்கு முடித்துக்கொள்ளப் போன அன்று செல்லக்கனி தயங்கித் தயங்கிச் சுகப்பிரியாவிடம் கேட்டாள். சுகப்பிரியாவும் தன் மேசையை அட்டைப் பெட்டிக்குள் காலி செய்துகொண்டிருந்தாள்.

"மேடம், அந்த மெக்சிகோ?"

சுகப்பிரியா சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் லைன் மெஷின் எல்லாம் அங்கதாம்மா போகுது. வெளிய பேக் பண்ணிட்டு இருக்காங்க பாரு."

போய்ப் பார்த்தாள். உண்மைதான். மரப்பெட்டிகளில் இங்கிலீஷில் பெரிதாக மெக்சிகோ என்று எழுதியிருந்தது. ஆறு வருடம் அவள் மூடி அழுத்திய எந்திரத்தை இரண்டு பேர் பதமாகத் தூக்கி, இடுக்குகளில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள்.

கம்பெனி கொடுத்த பணம் வீட்டு மனைக்குப் போயிற்று. மண்ணூர்ப் பக்கம் ஏரிக்குள்ளேயே மனை போட்டு, ஏரிக்கரை நகர் என்று அடக்கமாகப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு அறை கட்டுவதற்குள் பணம் தீர்ந்தது. மாமனார் மாமியாரோடு குடிவந்தபோது குளியலறைக்குக் கூரை இல்லை. கண்ணப்பன் கல்யாண பிளெக்ஸை எடுத்து மேலே கட்டினான், படம் உள்பக்கம் வருகிற மாதிரி. காலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது செல்லக்கனிக்குத் தலைக்கு மேல் கடல் இருக்கும்.

அந்த ஒரு நிமிடம் போக மற்ற நேரமெல்லாம் சரோஜாவின் மெக்சிகோ. புளி தீர்ந்தால் மெக்சிகோ. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மெக்சிகோ. "பத்து பவுனு போட்டுக்கறேன்னு சொல்லியிருந்தா பேங்க்லயாவது வெச்சிருப்பேன். நாட்ட குடுக்கறேன்னு வந்தாங்க, வாயில மண்ணு" என்பாள். ஊரிலிருந்து வனமாமலை வந்தால் வெடுக்கென்று, "சம்பந்தி, நம்ம பாக்கி இன்னா ஆச்சு?" என்பாள். அவர் சாப்பாட்டில் பாதியில் கை கழுவுவார். அடுத்த முறையிலிருந்து வருவதே நின்றது.

செல்லக்கனி ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் இடத்தில் தினக்கூலிக்குப் போய்வந்தாள். குழந்தைகள் அழுதால் துண்டை எடுத்து, படப் புத்தகத்தில் பார்த்த மாதிரியே மடித்து, கழுத்து வளைந்த அன்னம் ஒன்றைச் செய்து முன்னால் வைப்பாள். பெரியவள் அதை வாத்து என்பாள். சரோஜாவின் திட்டுகளில் செல்லக்கனிக்கு ஒரு ரகசிய ஆறுதல் இருந்தது. பாக்கி என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும் வரை, அது வர வேண்டிய ஒன்றுதானே?

2015 டிசம்பரில் ஏரி தன் மனைக்குத் திரும்பி வந்தது. விடிந்து பார்த்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர். டீ போடுவதற்குள் கட்டிலுக்கு மேலே. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். செம்பரம்பாக்கம் எந்தப் பக்கம், இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. சீராக வந்த பீரோ குப்புற மிதந்தது; பாஸ்போர்ட்டுகள் அதற்குள். கண்ணப்பன் பிளெக்ஸை அவிழ்த்துக் குழந்தைகளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டான். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வராந்தாவில்தான் இடம் கிடைத்தது. சாரல் அடித்தது. பிளெக்ஸைத் தூண்களுக்கு நடுவே தடுப்பாகக் கட்டினான். நீலக் கடலும் கூலிங் கிளாஸும் முகாமைப் பார்த்து நின்றன. யாரோ புதுத் துண்டுகள் விநியோகம் செய்தார்கள். சின்னவன் அழுகையை நிறுத்தாததால் செல்லக்கனி ஒரு துண்டை எடுத்து அன்னம் மடித்தாள். பக்கத்துப் பாய் பெண், பெயர் தங்கமாரி, வாயைப் பிளந்தாள்.

"எக்கா, இத எங்க படிச்சீங்க?"

செல்லக்கனி வாய் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள்.

"மெக்சிகோவுல. அங்க ஓட்டல்ல பெட்டு மேல டெய்லி ஒண்ணு செஞ்சி வெச்சிருப்பான். இதோ பேனர்ல பாரு, அந்த எடம்தான். எம் மருமவ கம்பெனில குடுத்தது. நாலு பேரும் போய்ட்டு வந்தோம்."

கூட்டம் சேர்ந்தது. உடுத்த துணியோடு ஓடிவந்து, சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்ற சரோஜா, வாழ்க்கையில் முதல்முறையாக இல்லாதவளாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அப்போது வேறு ஒன்றும் கைவசம் இல்லை. ஓலைக் குடையைப் பற்றிச் சொன்னாள். பிளேனில் அப்பாவுவுக்குக் காது அடைத்ததைச் சொன்னாள். அப்பாவு, கேட்டவர்களுக்கு மரியாதையாகக் காதைத் தடவிக் காட்டினார். கண்ணப்பன் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

"கடல் எப்பிடிக்கா இருக்கும்?" தங்கமாரி செல்லக்கனியிடம் திரும்பினாள்.

சரோஜா மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"நல்லாருக்கும்" என்றாள் செல்லக்கனி. "தண்ணி நீலமா, அடி வரைக்கும் தெரியும். நாங்க போனப்ப அலையே இல்ல."

தண்ணீர் வடிந்து, வீடு திரும்பி, சேற்றை அள்ளி முடிக்கப் பொங்கல் வந்துவிட்டது. முகாமில் கேட்டவர்களில் பாதிப் பேர் அதே நகர்க்காரர்கள். மெக்சிகோ போன குடும்பம் என்று தெருவில் பெயராயிற்று. சரோஜா சேறு படிந்த பாத்திரங்களைத் தேய்த்தபோது, மிதந்து போன ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசினாள், இடிந்த சுவரைப் பற்றிப் பேசினாள். ஒரு வாரம், பத்து நாள். செல்லக்கனி காத்திருந்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

ஒருநாள் அரிசி அளக்கும்போது அவளே கேட்டுவிட்டாள். "எங்க வீட்டுல இருந்து வர வேண்டிய பாக்கி ஒண்ணு இருக்குன்னு சொல்லுவீகளே அத்தை."

சரோஜா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. "ஒரு பாக்கியும் இல்ல. அதான் போய்ட்டு வந்தாச்சே" என்றாள். "கத்தாத."

கண்ணப்பன் அன்று பிளெக்ஸைக் கழுவிக் குளியலறை மேல் மறுபடி கட்டினான். இந்த முறை தெருவுக்குத் தெரிகிற மாதிரி படம் வெளிப்பக்கம் போயிற்று, வெள்ளைப் பக்கம் உள்ளே. மறுநாள் காலை சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு செல்லக்கனி அண்ணாந்து பார்த்தாள். திருப்பிக் கட்டச் சொல்லலாம். முடிச்சு நாலுதான். ஐந்து நிமிட வேலை.

சொல்லவில்லை.