ஏரம்பரின் கஞ்சிச் செம்பு

முதலில் செம்புதான் வண்டிக்குள் வரும். பிறகுதான் ஏரம்பர் வருவார். மல்லாகம் ஸ்டேஷனில் சனத்தின் தலைகளுக்கு மேலாக, வாட்டிய வாழையிலையால் வாய் கட்டிய அந்தப் பித்தளைச் செம்பைக் கண்டதும், "ஏரம்பர் ஏறிட்டார்" என்று உள்ளே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

யுத்தம் தொடங்கியபின் எங்கள் காலை வண்டி நேரத்துக்கு வந்த நாளே இல்லை. எட்டு மணி வண்டி பத்துக்கு வரும். வந்தாலும், பட்டாளத்துச் சாமான் வண்டிக்கு வழி விட்டு நடுவெளியில் அரைமணி நேரம் நிற்கும். மூன்று வண்டிச் சனம் ஒரு வண்டிக்குள். கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் என்னைப்போன்றவர்கள் வாயில் வந்தபடி திட்டுவோம். ஏரம்பர் திட்டமாட்டார். "வருந்தானே, தம்பி. தண்டவாளத்தை விட்டு ஓடவோ போகுது" என்பார்.

புகையிலைத் தோட்டக்காரர். கால் நகங்களுக்குள் எப்போதும் செம்மண் இருக்கும். இடம் கிடைத்து இருப்பவர்கள், "தாருங்கோ அண்ணை, மடியிலை வைச்சிருக்கிறன்" என்று கேட்டாலும் செம்பைக் கொடுக்கமாட்டார். ஒரு கை வலித்தால் மற்றக் கை. பட்டணத்து ஆசுபத்திரியில் அவருடைய மனைவி சிவக்கொழுந்து கிடந்தாள். பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைதான் பார்க்க விடுவார்கள். அவர் ஊட்டினால்தான் அவளுக்குக் கஞ்சி இறங்கும். இவ்வளவும் எனக்கு அப்போது தெரியாது.

ஆவணியில் ஒரு நாள் வண்டி இரண்டரை மணி நேரம் பிந்தி வந்தது. நெரிசலில் செம்பு என் கழுத்தில் பட்டுச் சுட்டது. வந்த எரிச்சலில், "உந்தச் செம்பையும் தூக்கிக்கொண்டு எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டேன்.

பயணம் புறப்பட்டவரை எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள்; கேட்டுவிட்டால், ஒருக்கால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பப் புறப்படவேண்டும். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரத்துக்கோ?" என்பதுதான் முறை. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, படித்த கழுதை எனக்கு மறந்துபோயிற்று.

ஏரம்பர் முகத்தில் கோபம் இல்லை, பயந்துபோனார். "கேட்டுப்போட்டியள், தம்பி. நான் ஒருக்கால் இருந்து, தண்ணி குடிச்சிட்டு, மற்ற வண்டியிலை வாறன்" என்று சுன்னாகத்தில் இறங்கிவிட்டார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவர் விட்டுப்போன இடத்தில் காலை நன்றாக ஊன்றி நின்றுகொண்டேன்.

மற்ற வண்டி வரவில்லை. நடுப்பகல் வரை பார்த்திருந்துவிட்டு, செம்போடு தண்டவாள வழியே நடந்திருக்கிறார். ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி. சிவக்கொழுந்து ஒரு மணிக்கே கண்ணை மூடிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மயிலிட்டி லூர்த்தம்மா சொன்னாளாம்: "கஞ்சி குடுத்துப் பாத்தினம், ஐயா. வாய் திறக்கேல்லை. அவர் வரட்டும் எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தா."

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தபின் ஸ்டேஷனில் வைத்து ஏரம்பரே இதை எனக்குச் சொன்னார். கையில் அதே செம்பு. லூர்த்தம்மாவை வந்து பார்க்க ஆளில்லையாம். கஞ்சி இனி அவளுக்கு. என்னை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெட்கம் தாங்காமல் அன்று முதல் நான் அவர் ஏறும் பெட்டியில் ஏறுவதில்லை.

நேற்று தப்ப முடியவில்லை. சனம் என்னை அள்ளிக்கொண்டுபோய் அவருக்கு முன்னால் நிறுத்திவிட்டது. சுன்னாகம் கழிந்தது. பிறகு, "அண்டைக்கு நான் கேட்டிருக்கக்கூடாது, அண்ணை" என்றேன்.

கோண்டாவிலில் இன்னும் சனம் ஏறியது. ஏரம்பர் தன் தோளில் கிடந்த சால்வையை ஒற்றைக் கையால் இழுத்து, மடித்து, என் உள்ளங்கைகளில் விரித்தார். அதன்மேல் செம்பை வைத்தார்.

"சூடு, தம்பி" என்றார்.