பீலிக்கு இருபது அடி

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். இந்த முறை அந்த 'டிக்'கிலும் பாதிதான் வந்தது. மழையைச் சாக்கு வைத்து மூன்று வாரமாகக் காரைத் தொடாமல் இருந்தேன், பெட்டரி படுத்துவிட்டது. மறுநாள் காலை என் பழைய கூட்டாளி கனகராஜை நுவரெலியா ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவேண்டும். மிச்சமிருக்கிற ஒரு கண்ணைப் பற்றி டொக்டர் முடிவு சொல்லும் நாள். ஆட்டோவில் போகலாம்தான். ஆனால் நானே கார் ஓட்டி அவனைக் கூட்டிப் போகவேண்டும். காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டிலேயே சார்ஜ் போடலாம், பெரிய வேலை இல்லை. கறுப்பு வயரை முதலில் கழற்றி, பிறகு சிவப்பைக் கழற்றி, பெட்டரியைத் தூக்கிக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, இரண்டு கவ்விகளையும் சரியான முனைகளில் மாட்டிவிட்டு, கடைசியாகத்தான் சுவிட்சைப் போடவேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைக்கவேண்டும். அவ்வளவுதான். நான் இதை எப்படிச் செய்கிறேன் என்பதுதான் எங்கள் வீட்டில் பகிடி. மகள் பள்ளிக்கூடத்தில் நீந்தப் போட்ட கண்ணாடி, பாத்திரம் கழுவும் கையுறை, மழைக்கோட்டு, பக்கத்தில் மூன்று வாளி தண்ணீர். பெட்டரியை முன்வாசல் தகரக் கூரைக்குக் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடத்தில் வைத்தேன். மனைவி சாந்தி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, பெட்டரிக்கு சார்ஜ் போடுறீங்களா, இல்ல நெலாவுக்குப் போறீங்களா?"

"தள்ளி நில்லு. அடுப்ப அணச்சியா?"

"அடுப்பு பின்னுக்கு இருக்கு. அங்கிருந்து பாஞ்சு வருமா?"

வரும் சாந்தி, வரும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அந்த வாடை மூக்கில் ஏறியது: கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு. அவ்வளவுதான், நினைப்பில் எங்கள் பழைய லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அப்போது எங்கள் தோட்டத்தில் பல லயங்களுக்குக் கரண்ட் கிடையாது. ஆனால் டீவி இருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி, கார் பெட்டரியில் ஓடும். கார் வைத்திருந்தவர் ஒருவர்கூடக் கிடையாது, கார் பெட்டரி மட்டும் வீட்டுக்கு ஒன்று. படம் பாதியில் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு வந்து மறைந்தால், மறுநாள் பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடக்கவேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எவன் வீட்டில் டீவி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சட்டையின் தோளைப் பார்ப்பார்கள். அசிட் பட்டு அங்கே சல்லடைபோல் ஓட்டை விழுந்திருக்கும். எனக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி. புதுச் சட்டையிலும் ஓட்டை விழட்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

பிறகு எங்கள் லயத்துக்கு மட்டும் கரண்ட் வந்தது. மேல் லயத்துக்கு வரவில்லை. நான் டவுனில் ரேடியோ திருத்தும் கடையில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தேன். அதில் நான்கு மாதம் முதலாளிக்குத் தேத்தண்ணி வாங்கி வந்தது போக, மிச்ச இரண்டு மாதத்தில் எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஒரு கராஜில் பழைய சார்ஜர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, "மேல் லயத்து ஆளுங்க இனி டவுனுக்கு நடக்க வேணாம், எங்கிட்ட கொண்டாங்க" என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று அறிவித்தேன்.

முதல் பெட்டரி கனகராஜுடையது. என் வயதுக்காரன், தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனர். அடுத்த வாரம் லைசன்ஸ் பரீட்சை. தேறினால் லொறி அவன் கைக்கு வரும் என்று டிரைவரே சொல்லியிருந்தார். தூக்கத்தில்கூட கியர் மாற்றுகிறான் என்று அவன் அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மலையில் மூடுபனி இறங்கினால் நாம் முதலில் செய்வது என்ன? கதவை அடைப்போம், ஜன்னலை அடைப்போம், இடுக்கில் சாக்கைத் திணிப்போம். நானும் அதையே செய்தேன், பெட்டரியை உள்ளே வைத்துக்கொண்டு. ஆறு மூடிகளையும் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே குமிழ்கள் கொதித்தன. அந்தத் தீப்பிடிக்கும் வாயு எங்கே போகும்? போக வழியே இல்லை. நாலு மணிக்குக் கரண்ட் போனது. அறை இருண்டுவிட்டது.

"சார்ஜ் ஏறிருச்சாடா?" என்றான் கனகராஜ்.

"குப்பி லாம்பப் பத்த வச்சுக் கிட்ட புடிச்சுப் பாரு, தண்ணி இன்னும் கொதிக்குதான்னு."

சொன்னது நான்.

பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பெட்டரி வெடித்து அசிட் அவன் முகத்தில் தெறித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். லயத்து வாசலிலிருந்து பீலி இருபது அடி. இரவு பகல் ஓயாமல் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலி. அதைத் தாண்டித்தான் ஓடினேன். முக்கால் மைல் தள்ளியிருந்த டிஸ்பென்சரிக்கு, "ஐயா! ஐயா!" என்று கத்திக்கொண்டு, சாரம் அவிழ்ந்தது தெரியாமல், பாதி வழியில் அதை மட்டும் எடுத்துக்கட்டத் திரும்பி வந்து, மறுபடி ஓடினேன். இந்த இடத்தை நான் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். டிஸ்பென்சரி ஐயா சிரிக்கவில்லை.

"கண்ணுல தண்ணி ஊத்துனீங்களா?"

வந்த வழியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது கனகராஜ் பீலிக்குக் கீழே தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துத் தவழ்ந்தே போயிருக்கிறான். வழியில் சாக்கடையில் ஒருமுறை விழுந்தானாம். அந்தத் தாமதத்தில் வலது கண் போனது. லைசன்ஸ் போனது. லொறியை வேறொருவன் ஓட்டினான். யார் கேட்டாலும் கனகராஜ் ஒன்றையே சொன்னான்: "நானாத்தான் லாம்பக் கொண்டு போனேன்." நான் மறுக்கவில்லை. இத்தனை வருஷமும் மறுத்ததில்லை.

முன்வாசலில் சார்ஜ் போட்ட பெட்டரியில் கார் காலையில் ஸ்டார்ட் ஆனது. கிளினிக்கில் டொக்டர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திப் பேசினார். இடது கண்ணில் பிரஷர் நரம்பைத் தின்றுவிட்டதாம். வெளிச்சம் நிழலாகத் தெரிவதும் இன்னும் கொஞ்ச நாள்தானாம். இனி இதற்காக அலைய வேண்டாம் என்றார்.

வரும் வழியில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. இறம்பொடை தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் சொல்லிவிட்டேன்.

"கனகு, அன்னைக்கு லாம்பக் கிட்ட புடிக்கச் சொன்னது நான்டா."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன செவிடனா?" என்றான். "நீ பெட்டரி டொக்டர்னு தோட்டமே பேசிக்கிட்டு இருந்துச்சு. ஒம் பேரக் கெடுப்பானேன்னு விட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "பழைய லயத்துக்கிட்ட வந்துட்டமா? நிப்பாட்டு. இஞ்சின அணை, பீலிச் சத்தம் கேக்கல" என்றான்.

அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ தெரியாது. அணைத்தேன். ஜன்னலை இறக்கிவிட்டேன். லயம் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. ஊற்றை மேலேயே குழாயில் அடைத்துத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பீலி கொட்டிய கல் மட்டும் காய்ந்து கிடந்தது.

கனகராஜ் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான்.

"என்னடா, காதும் போச்சா எனக்கு?"

"இல்லடா," என்றேன். "பீலிதான் போச்சு."