சம்பந்தியிடம் சொன்ன சீன வாக்கியம்

முப்பது ஆண்டுகளாக மொன்றியலில் இருந்தும் எனக்குப் பிரெஞ்சு வசப்படவில்லை. இங்கே மேசை பெண், சுவர் ஆண். பெயர்ச்சொல்லை முதலில் சொல்லிவிட்டு, பெரும்பாலும் அதன் பின்னால்தான் அடைமொழியை ஓடவிட வேண்டும். அந்த அடைமொழியும் பெயர் ஆணா பெண்ணா என்று பார்த்து உடை மாற்றிக்கொள்ளும். பக்கத்துப் பேக்கரிக்காரரிடம் 'வெள்ளைப் பாண்' கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவன் சீனம் படிக்கப் புறப்பட்டபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் தன் தங்கைக்கு மட்டும் சொன்னாள், அதுவும் எனக்குக் கேட்கும்படியாக.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் மகள் ஒரு சீனப் பையனை விரும்பினாள். பையனின் தாய் கணவரை இழந்தவர். லவாலில் ஒரு வணிக வளாகத்துக்குள் உடுப்புத் திருத்தும் கடை வைத்து அவனைத் தனியாளாக வளர்த்தவர். சீனமும், கடைக்கு வேண்டிய அளவு பிரெஞ்சும் மட்டும் பேசுவார். அவர் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று பையன் சொல்லிவிட்டான். மகளும் அதை ஏற்றுக்கொண்டாள். அவரோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வரும்போது அவருடைய மொழியில் ஒரு வாக்கியமாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வகுப்பு சனிக்கிழமைக் காலைகளில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. முதல் பனி விழ முன்னர் தொடங்கி, கார்களுக்குக் குளிர்காலச் சில்லுப் பூட்டிய பிறகும் போனேன். நான் ஜனவரியில்தான் தொடங்கினேன் என்கிறாள் மனைவி, அது தவறு. மூன்றாவது வகுப்பிலோ நான்காவதிலோ ஆசிரியை பெயரடைக்கு வந்தார். சீனத்தில் அடைமொழி எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். 'நல்ல மனிதர்' என்பதில் வரும் 'நல்ல' போன்ற சின்னச் சொற்கள் நேராக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் நீளமான சொல், அல்லது 'மிகவும்' சேர்ந்த சொல் என்றால் நடுவில் 'தெ' என்று ஓர் ஒலி வர வேண்டும். நாங்கள் 'அழகு' என்பதோடு 'ஆன' சேர்த்து 'அழகான பெண்' என்கிறோமே, அந்த 'ஆன' செய்கிற வேலையை அங்கே 'தெ' செய்கிறது. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அது அசையாது.

அதோடு நிற்கவில்லை. 'நேற்று வந்த மனிதர்' என்றாலும் அதே முறைதான்: நேற்று, வந்த, பிறகு தெ, கடைசியில் மனிதர். வகுப்பிலிருந்த, பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர்களுக்கு இது பெரும் துன்பமாக இருந்தது. மனிதரை முதலில் சொல்லாமல் அவர் எப்போது வந்தார் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன். இந்த நாட்டில் ஒரு வகுப்பறையில் என் தலை நிமிர்ந்தது அன்றுதான்.

அம்மா, மகன் போன்ற நெருங்கிய உறவுகளைச் சொல்லும்போது 'என்' என்பதற்குப் பின்னால் வரும் 'தெ'யை விட்டுவிடலாம் என்பதும் அன்றைய பாடம். குடைக்கு அது வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்து இதை மனைவிக்கு விளக்கினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கட்டின மனுசிக்கு?"

"மனுசிக்கும் தேவையில்லை."

"உங்கட மனுசிக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு சீனருக்கும் தெரிஞ்சிருக்கு."

சம்பந்தியாகப் போகிறவர் ஒரு ஞாயிறு மதியம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகனோடு வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையத் தோடம்பழம். மகள் காலையிலேயே என்னைப் பிடித்து, "அப்பா, தயவு செய்து பாடம் எடுக்கத் தொடங்காதேங்கோ" என்று கேட்டிருந்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தேன். அதை அவளுக்குக் காட்டவில்லை.

வந்தவர் எல்லாவற்றையும் புகழ்ந்தார். வீடு பெரிது, வெளிச்சமானது. இடியப்பம் மென்மை, சொதி மணம். மகள் அழகானவள், கெட்டிக்காரி, பண்பானவள். பையன் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மகளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. மனைவியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பெண் பார்க்க வந்து அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதற்கு அவளுடைய குடும்பத்திலேயே மூன்று உதாரணங்கள் இருக்கின்றன. அடுப்படிக்கு வந்தபோது என் காதில் சொன்னாள்:

"இது சரிவராதப்பா. குறை ஒண்டும் சொல்லாமல் இருக்கிறா."

நான் மேசைக்குத் திரும்பி என் வாக்கியத்தைச் சொன்னேன். பெற்ற பிள்ளையை மற்றவர்கள் முன்னால் புகழ்வது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. ஆகவே அதைப் பணிவாக அமைத்திருந்தேன்: இவள் எங்களுடைய சமைக்கத் தெரியாத, பிந்தி எழும்புகிற, சொல்வழி கேளாத மகள். மூன்று அடைமொழி, மூன்று தெ, எல்லாம் பெயருக்கு முன்னால்.

மகளுக்குப் பையனிடமிருந்து ஓரளவு சீனம் பழகியிருந்தது. இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"அப்பா, நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டு தெரியுமோ?"

"ஓம். எங்கையும் பிழை இல்லையே?"

பையனின் தாய் கரண்டியைக் கீழே வைத்தார். முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் மகனைச் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினார். எனக்கு எல்லாம் விளங்கவில்லை; தெ, தெ, தெ என்று அடுக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு முறையும் 'மகன்' என்று முடித்தது விளங்கியது. நான்காவது 'மகன்' வந்தபோது பையன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதில், தையற்காரியின் பிள்ளையாக இருந்தும் காற்சட்டை மடிக்கத் தெரியாதவன், கேட்டால் ஒழியப் பேசாதவன், சொக்ஸை உட்காரும் கதிரைக்கு அடியில் விடுகிறவன் என்பவை அவற்றில் சில. என் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகள் ஒருமுறை தண்ணீர் விடாமல் சோறு வைத்த கதையைத் தமிழிலேயே, பானையையும் எடுத்துக் காட்டிச் சொன்னாள். அந்த அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிள்ளைகள் இருவரும் அடுத்த அறைக்குப் போய்ப் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அவமதித்துவிட்டது என்பது அவர்கள் எடுத்த முடிவு. பள்ளிக்கூடத்தில் கரடிப் படத்தைக் கோணலாகக் கீறினாலும் அற்புதம் என்று எழுதிக் கொடுக்கும் ஊரில் வளர்ந்தவர்கள். புறப்படும் வரையில் அந்த அம்மா கல்யாணத்துக்குச் சம்மதமா என்று சொல்லவில்லை. மிச்ச இடியப்பத்தை மனைவி கட்டிக் கொடுத்தபோது இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் மகள் லவாலிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். கடைக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மா அவளைக் கண்டதும் ஏசத் தொடங்கினாராம். இந்தக் குளிரில் தொப்பி இல்லாமல் வருகிறதா, மேலங்கியில் பொத்தான் ஒன்று இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, கையெல்லாம் எலும்பு. மேலங்கியைக் கழற்றச் சொல்லி, ஏசி ஏசியே பொத்தானைத் தைத்துக் கொடுத்திருக்கிறார். காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவரிடமும் இவளுடைய தொப்பியில்லாத தலையைக் காட்டி முறையிட்டாராம்.

"அண்டைக்கு வடிவு, கெட்டிக்காரி எண்டெல்லாம் சொன்னவா. இப்ப நான் என்ன செய்தாலும் குறை. அவவுக்கு என்னைப் பிடிக்கேல்லை, அம்மா."

மனைவி அந்த மேலங்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புதுப் பொத்தான் மட்டுமல்ல, பழைய பொத்தான்களும் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தன. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கோயில் கலண்டரை எடுங்கோ. நாள் பாப்பம்."

நான் கலண்டரை எடுக்கப் போனேன். மகள் அழுகையை நிறுத்தவில்லை.